உடம்புக்குள் இன்னொருவர் செல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குடியாத்தம், சித்தூர், குப்பம், கொழிஞ்சாம்பாறை, செங்கோட்டை என்று இந்த மாதம் எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைக் கேட்டன. மஜ்ஜை அல்லது உறுப்பு மாற்றுச் சிகிச்சையோ ரத்தமோ பெற்றவரின் உடம்பில் கொடுத்தவரின் (டோனரின்) செல் எவ்வளவு இருக்கிறது, அதை எப்படி அளக்கிறார்கள், ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? ஒரே உடம்பில் இரண்டு பேரின் செல்கள் சேர்ந்து வாழும் நிலைக்குக் கைமெரிசம் என்று பெயர். ரிப்போர்ட்டிலும் அந்தப் பெயரே இருக்கும்.

என் மகனுக்கு 7 வயது, தலசீமியா. அக்காவின் மஜ்ஜை வைத்து 6 மாதம் ஆகிறது. போன மாதம் ‘டோனர் 84%’ என்று வந்தது, இந்த மாதம் 78%. ஹீமோகுளோபின் 10.8. ரத்தம் ஏற்றவில்லை. மஜ்ஜை கைவிட்டுப் போகிறதா?
— வாசகி, குடியாத்தம்

அம்மா, இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். வழக்கமாகச் செய்யும் எஸ்டிஆர் முறையில் (டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறு துண்டு எத்தனை தரம் திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அந்த இடங்களைத்தான் ‘அடையாளம்’ என்கிறோம்) ஒரே ரத்தத்தை இரண்டு தரம் ஓட்டினாலே 3 முதல் 5 புள்ளி முன்பின் வரலாம். 84-க்கும் 78-க்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே ஆய்வகமா, ஒரே அடையாளங்களை வைத்துக் கணக்கிட்டார்களா, முழு ரத்தத்தில் பார்த்தார்களா அல்லது டி செல்லை (வெள்ளையணுவில் ஒரு வகை) தனியாகப் பிரித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு முழு ரத்தத்தில் டோனர் 90% இருக்கும்போதே டி செல்லில் 50% இருப்பது உண்டு. முன்பு ஒன்றைப் பார்த்து, இப்போது மற்றொன்றைப் பார்த்திருந்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

அதே நேரம் இதை அலட்சியமாகவும் விடக்கூடாது. தலசீமியா மாற்றுச் சிகிச்சையில் நீண்ட அனுபவமுள்ள இத்தாலியின் பெசாரோ மருத்துவர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். மாற்று முடிந்த முதல் 2 மாதத்தில் குழந்தையின் சொந்தச் செல் 25%-க்கு மேல் இருந்தால் மஜ்ஜை நிராகரிக்கப்படும் ஆபத்து மிக அதிகம், 10%-க்குக் கீழே இருந்தால் குறைவு. உங்கள் மகன் அந்த 2 மாதத்தைத் தாண்டிவிட்டான். ஆனாலும் சொந்தச் செல் 22% என்பது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய அளவு. 2 முதல் 4 வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று பரிசோதனையில் இறங்குமுகம் தெரிந்தால்தான் அது செய்தி. சைக்ளோஸ்போரின் மாதிரியான எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் இந்த எண்ணையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்.

உங்களுக்கு ஆறுதலான உண்மை ஒன்று இருக்கிறது. தலசீமியாவில் டோனர் 100% ஆக வேண்டிய அவசியம் இல்லை. மகனின் சொந்த மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுக்களில் பெரும்பாலானவை முதிராமல் மஜ்ஜைக்குள்ளேயே அழிந்துவிடும். அக்காவின் செல்லிலிருந்து வருபவை முழுதாக முதிர்ந்து வெளியே வரும். அதனால் வெள்ளையணுவில் டோனர் 30% மட்டும் இருப்பவருக்குக்கூட, ஓடுகிற சிவப்பணுக்களில் பெரும்பகுதி டோனருடையதாக இருக்கும். அப்படிப் பல வருடம் ரத்தம் ஏற்றாமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் ஏற்றாமல் ஹீமோகுளோபின் 10-க்கு மேல் நிற்பது, சதவீதத்தைப் போலவே முக்கியமான அடையாளம். அட்டப்பாடியிலிருந்து அரிவாள் செல் நோய் பற்றிக் கேட்ட வாசகருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்: மைலாய்டு செல்லில் (மஜ்ஜையில் உருவாகும் வெள்ளையணுவில் ஒரு பிரிவு) டோனர் 20% நிலையாக இருந்தாலே நோய் அடங்கும்.

மாதிரி எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஊதா மூடி டியூபில் 3 முதல் 5 மி.லி. போதும். பச்சை மூடி வேண்டாம், அதில் இருக்கும் ஹெப்பாரின், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். செல்லைப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கிரானுலோசைட்டு என்ற வெள்ளையணுக்கள் சீக்கிரம் செத்துவிடும். உறைய வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதானால் தெர்மாகோல் பெட்டியில் கூல் பேக் வைத்து, டியூபைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வையுங்கள்.

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். லுக்கேமியா நோயாளி, டோனர் அவருடைய அண்ணன். எஸ்டிஆரில் ஒரே ஒரு அடையாளத்தில் மட்டும் நோயாளியின் செல் 6% என்று காட்டுகிறது, மற்றவற்றில் இல்லை. எதை எழுதுவது?
— வாசகர், சித்தூர்

அந்த 6%-ஐ எழுதுவதற்கு முன்னால் வரைபடத்தில் அதைக் காட்டும் சிகரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிசிஆர் நகலெடுக்கும்போது வழுக்கி, திரும்ப வரும் துண்டு ஒன்று குறைந்த நகலையும் கொஞ்சம் உண்டாக்கும். இதுதான் ஸ்டட்டர். உண்மைச் சிகரத்தின் 5 முதல் 15% உயரம் வரை வரும். ஓர் அடையாளத்தில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்த துண்டுகளின் எண்ணிக்கை டோனருக்கு 14, 16. நோயாளிக்கு 13, 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் 13 நிற்பது டோனரின் 14 ஸ்டட்டர் விடும் அதே இடத்தில். அங்கே 6% தெரிந்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது. குறைந்த அளவைத் தேடும்போது இப்படிப்பட்ட அடையாளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உடன்பிறந்தவர்களுக்குள் நிறையப் பொதுவாக இருப்பதால் 15, 16 அடையாளம் ஓட்டினாலும் உருப்படியாகத் தேறுவது சில மட்டுமே. குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. டோனர் 11, 14. நோயாளி 9, 14 என்றால் பொதுவான 14-ஐ விட்டுவிட்டு 9-ஐயும் 11-ஐயும் மட்டும் எடுக்க வேண்டும். 9-இன் சிகரப் பரப்பு 310, 11-இன் சிகரப் பரப்பு 14,900 என்றால் 310-ஐ 15,210-ஆல் வகுக்க, நோயாளியின் செல் 2%. ஆனால் டோனர் 11, 11; நோயாளி 9, 11 என்று இருந்தால் வந்த விடையை இரண்டால் பெருக்க வேண்டும். 9-க்கு 300, 11-க்கு 29,700 என்றால் நேராக வகுத்தால் 1% என்றுதான் வரும், சரியான விடை 2%. இந்தப் பெருக்கலை மறப்பதால் ஒரே மாதிரியில் அடையாளத்துக்கு அடையாளம் எண் மாறுகிறது. லுக்கேமியா செல்கள் சில சமயம் ஒரு குரோமோசோம் துண்டையே இழந்துவிடும், அப்போது அந்த இடத்தில் இருக்கும் அடையாளம் பொய் சொல்லும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எஸ்டிஆர் ஏன் 1%-க்குக் கீழே போக மறுக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். இது கருவியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதச் செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. எஸ்டிஆர் குழாயில் நாம் போடுவது 1 நானோகிராம், அதாவது 150 செல்லின் டிஎன்ஏ. அதில் 1% என்றால் ஒன்றரை செல்! 10,000-இல் ஒன்றைத் தேட வேண்டுமானால், அது உண்மையில் இல்லை என்று 95% உறுதியோடு சொல்லவே 30,000 செல்லைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு 200 நானோகிராம் டிஎன்ஏ வேண்டும். எஸ்டிஆர் குழாயில் அவ்வளவைக் கொட்டினால் சிகரங்கள் உச்சியில் வெட்டுப்பட்டு, பக்கத்து நிறத்திலும் கசிந்து குழப்பும். அந்த வேலைக்கு ரியல் டைம் பிசிஆர் அல்லது டிஜிட்டல் பிசிஆர்தான் சரி. பல குழிகளில் பிரித்துப் போட்டால் 0.1 முதல் 0.01% வரை எட்டும்.

ஆனால் ரியல் டைம் பிசிஆரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாதீர்கள். இதில் நகலெடுக்கும் சுற்றுகளை (சுழற்சி) எண்ணி அளவைக் கணிக்கிறோம். அளவு பத்து மடங்கு மாறினால் 3.3 சுழற்சி மாறும். அரைச் சுழற்சி பிசகினாலே 40% பிழை. நோயாளியின் செல் 0.1% இருக்கும்போது அது 0.14% ஆனால் சிகிச்சை மாறாது. 30% இருக்கும்போது 42% என்று வந்தால் மருத்துவர் தவறான முடிவெடுப்பார். கலப்பு அதிகமாக இருக்கும்போது எஸ்டிஆர், அரிதானதைத் தேடும்போது ரியல் டைம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அரிதைத் தேடும் ஆய்வகத்துக்கு அசுத்தம்தான் பெரிய எதிரி. மாற்றுக்கு முன் எடுத்த நோயாளியின் மாதிரி 100% நோயாளி. அதையும் மாற்றுக்குப் பின் எடுத்ததையும் ஒரே நாளில் ஒரே மேசையில் திறந்தால், ஒரு துளித் தெறிப்பே 0.01%-ஐ உண்டாக்கிவிடும். தனி அறை, ஃபில்டர் டிப் இவற்றோடு, டோனரின் சுத்த டிஎன்ஏவையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வையுங்கள். அதில் நோயாளியின் அடையாளம் வந்தால் அன்றைய ஓட்டத்தைக் குப்பையில் போடுங்கள்.

காந்த மணிகளால் டி செல்லைப் பிரிக்கிறீர்கள் என்றால் அதன் தூய்மையை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல் வகைகளை எண்ணும் கருவியில்) பார்த்து ரிப்போர்ட்டில் எழுதுங்கள். 90% தூய்மையான டி செல்லில் 5% நோயாளி என்று வந்தால், அது மீதி 10%-இலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘0%’ என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்வோம். எத்தனை நானோகிராம் பார்த்தீர்கள், அதில் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்று எழுதி, ‘அதற்குக் கீழே’ என்று குறிப்பிடுங்கள். படிக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

மாற்றுக்கு முன் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் இல்லை என்கிறார்கள். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தால் போதாதா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

போதாது. பழைய மாதிரி கேட்பது நோயாளியின் சொந்த அடையாளங்களைத் தெரிந்துகொள்ளத்தான். எச்சிலிலும் கன்னத்துத் தேய்ப்பிலும் வெள்ளையணுக்கள் கலந்திருக்கும். மாற்றுக்குப் பிறகு அவை டோனருடையவை. வேரோடு பிடுங்கிய தலைமுடி 10, 15 கொடுக்கலாம், கத்தரித்த முடி உதவாது. கீமோவில் முடி கொட்டியிருந்தால் நகத் துண்டு, அதில் கொஞ்சம் டோனர் கலப்பு வரலாம். தோலிலிருந்து வளர்த்த செல் எல்லாவற்றையும்விடச் சுத்தம். அப்பா அம்மா இருவரும் இருந்தால் அவர்கள் ரத்தமும் டோனரின் ரத்தமும் போதும். பிள்ளைக்கு எந்தெந்த அடையாளம் வந்திருக்க முடியும் என்று அதிலிருந்து பெரும்பாலும் பிடித்துவிடலாம். மாற்றுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் கண்டிஷனிங் மருந்து (மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து) தொடங்குவதற்கு முன்பே ‘எங்கள் மாதிரியைப் பத்திரப்படுத்தினீர்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தங்கைக்கு ஆபரேஷன். மாமா, அண்ணன், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ரத்தம் கொடுக்கத் தயார். சொந்த ரத்தம்தான் சேரும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ரத்த வங்கியில் ‘வேறு ஆளுக்கு வைத்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள். ஏன்?
— வாசகர், குப்பம்

ரத்த வங்கி சொல்வதுதான் சரி. காரணத்தை விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் அக்கா மகள், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் எடுக்கும் நம் பக்கத்து ஊர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

ஒரு பை ரத்தத்தில் நூறு கோடிக்கு மேல் வெள்ளையணு இருக்கும். அந்நியர் ரத்தம் என்றால் பெறுபவரின் டி செல்கள் அவற்றை அடையாளம் கண்டு, ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடும். நெருங்கிய உறவினருடையது என்றால் சிக்கல். கொடுப்பவருக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே எச்எல்ஏ வகை (நம் செல், அந்நியச் செல் என்று உடம்பு பிரித்தறியும் குறி) வந்திருக்கலாம். உறவுக்குள் மணம் செய்த பெற்றோருக்குப் பிறந்தவர்களிடம் இதற்கு வாய்ப்பு அதிகம். அதே வகையில் ஒரு பாதி பெறுபவரிடமும் இருந்தால், அவர் உடம்பு அந்த டி செல்லை ‘நம்ம ஆள்’ என்று நினைத்து விட்டுவிடும். ஆனால் அந்த டி செல்லுக்குப் பெறுபவரின் மறுபாதி அந்நியமாகத் தெரியும். பெருகி, தோலையும் குடலையும் கல்லீரலையும் மஜ்ஜையையும் தாக்கும். ரத்தம் ஏற்றி பெரும்பாலும் 4 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, பிறகு எல்லா ரத்த அணுக்களும் சரிவு. மஜ்ஜை மாற்றில் வரும் இதே நோயில் மஜ்ஜை டோனருடையது என்பதால் தப்பிவிடும். இங்கே அது நோயாளியுடையது, அதுவும் அழியும். அதனால்தான் 90%-க்கு மேல் உயிரிழப்பு. அபூர்வமானதுதான், ஆனால் வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

வெள்ளையணுவை வடிகட்டும் ஃபில்டர் மட்டும் இதற்குப் போதாது. ஃபில்டருக்குப் பிறகும் லட்சக்கணக்கில் மிஞ்சும். தடுக்கும் வழி ரத்தப் பைக்குக் கதிரூட்டல். பையின் நடுவில் குறைந்தது 25 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), எந்தப் பகுதியிலும் 15-க்குக் குறையக்கூடாது. டி செல் செத்துவிடாது, ஆனால் பெருக முடியாமல் போகும். கதிரூட்டிய சிவப்பணுவில் பொட்டாசியம் கசியும், ஆகவே 28 நாளுக்கு மேல் வைக்கமாட்டார்கள். பச்சிளங்குழந்தைக்கு ஏற்றும்போது கதிரூட்டியவுடனே ஏற்றுவது உத்தமம். தட்டணுப் பைக்கும் கதிரூட்டல் வேண்டும், உறைந்த பிளாஸ்மாவுக்கு வேண்டாம்.

ரத்தம் ஏற்றிய சில நாளில் மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால், உறுதிப்படுத்துவதற்கும் கைமெரிசம் பரிசோதனைதான். நோயாளியின் ரத்தம், அவருடைய நகம் அல்லது முடி வேர், ரத்தம் கொடுத்தவரின் மாதிரி மூன்றையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் அந்நிய அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டார் எல்லாரும் தாராளமாக ரத்தம் கொடுங்கள். அது வேறொருவருக்குப் போகட்டும், தங்கைக்கு அந்நியர் பை வரட்டும்.

விபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்தால் வேறு ஆள் என்று வருமா?
— வாசகர், திருத்தணி

பெரும்பாலும் வராது. முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லை, டிஎன்ஏவும் இல்லை. உடன் வரும் வெள்ளையணு 3 முதல் 5 நாளில் சற்றே கூடி, பிறகு கரைந்துவிடும். ஆனால் கடுமையான விபத்தில் நிறையப் பைகள் ஏற்றியவர்கள் சிலரிடம் ஒரு கொடையாளியின் செல் ஒன்றரை வருடம் வரைகூடத் தங்குகிறது என்று சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கன்னத்துத் தேய்ப்பு போதும். மஜ்ஜை மாற்றுச் செய்தவர் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவருடைய ரத்தம் டோனரின் டிஎன்ஏவைத்தான் காட்டும்.

மகன் அம்மாவுக்குக் கல்லீரல் கொடுத்திருக்கிறான். அம்மா ரத்தத்தில் ஒய் குரோமோசோம் தெரிந்தால் அது கல்லீரலிலிருந்து வந்தது என்று கொள்ளலாமா?
— வாசகி, நாகர்கோவில்

கூடாது. கர்ப்ப காலத்தில் பிள்ளையின் செல் தாய்க்குள் போய்த் தங்கும். பிரசவமாகி 27 வருடம் கழித்தும் ஆண் செல் கிடைத்ததாக 1996-இல் ஆய்வு வெளியானது. உங்கள் விஷயத்தில் டோனரும் அதே மகன்தான். எந்த அடையாளத்தை வைத்துத் தேடினாலும், கருவில் வந்ததா கல்லீரலோடு வந்ததா என்று பிரிக்க வழியில்லை. மாற்றுக்கு முந்தைய ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்ற அளவு கையில் இருந்தால்தான் ஒப்பிடலாம். கர்ப்பத்தில் வந்தவை மிக மிக அரிதாகத்தான் இருக்கும். ஆகவே காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கோடு டி செல்லில் பல சதவீதம் என்று வந்தால் அந்தக் குழப்பம் இல்லை, உடனே கவனிக்க வேண்டியது.

கிட்னி வைத்து 2 வருடம். பிளாஸ்மாவில் டோனர் டிஎன்ஏ 0.4% என்று வந்தது. அப்படியானால் பயாப்சி வேண்டாமா?
— வாசகர், செங்கோட்டை

இது செல் இல்லை, செத்த செல்லிலிருந்து கசிந்து ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ. சிறுநீரகத்தில் 1%-க்குக் கீழே இருந்தால் தீவிர நிராகரிப்புக்கு வாய்ப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இது விகிதம்தான். காய்ச்சலோ கடும் உடலுழைப்போ உங்கள் சொந்த டிஎன்ஏவைக் கூட்டினால் டோனர் பங்கு குறைந்தது போலத் தெரியும். சாதாரண ஊதா மூடி டியூபில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் டியூபுக்குள்ளேயே வெள்ளையணு உடைந்து இதே பொய் வரும். வெளியூருக்கு அனுப்புவதானால் செல்லை உடையாமல் காக்கும் தனி டியூப் கேளுங்கள். கிரியாட்டினின் ஏறினாலோ சிறுநீரில் புரதம் போனாலோ 0.4%-ஐக் காட்டிப் பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எமர்ஜென்சியில் ‘ஏ’ குரூப் நோயாளிக்கு ‘ஓ’ 4 பை ஏற்றிய பிறகு, ரத்த வகை பார்க்கும் ஜெல் கார்டில் செல்களில் பாதி மேலே, பாதி கீழே நிற்கிறது. கார்டு தவறா?
— வாசகி, பாறசாலை

கார்டு சரியாகத்தான் சொல்கிறது. 60 கிலோ ஆள், ரத்தம் சுமார் 4 லிட்டர். ஹீமோகுளோபின் 6 என்றால் சொந்தச் சிவப்பணு 700 மி.லி. சொச்சம். ஒரு பையில் சிவப்பணு 180 மி.லி., நாலு பைக்கு 720. சரிபாதி! மேலே நிற்பது அவருடைய ஏ, அடியில் போனது கொடையாளியின் ஓ. ஏற்றிய செல் நாளுக்கு ஏறக்குறைய 1% வீதம் குறைந்து 120 நாளில் தீரும். குரூப்பை ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியில் பார்த்து எழுதுங்கள், அதற்காகத்தான் அதை 7 நாள் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். ரத்தம் ஏற்றாதவரிடம் இப்படி வந்தால் ஏ3 துணை வகையா, மஜ்ஜை மாற்று நடந்ததா, லுக்கேமியாவா என்று தேடுங்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளைகளின் மற்ற ரத்த வகைகளைச் சீரம் முறையில் பார்க்காமல் டிஎன்ஏ முறையில் பாருங்கள்.

‘ஏ’ குரூப்பான எனக்கு ‘ஓ’ குரூப் தம்பியின் மஜ்ஜை. லைசென்ஸில் குரூப்பை மாற்ற வேண்டுமா?
— வாசகர், பலமநேர்

3, 4 மாதத்தில் உங்கள் சிவப்பணு ஓ ஆகிவிடும். ஆனால் ஓ குரூப்காரருக்கு இருக்க வேண்டிய ஏ எதிர்ப்பொருள் உங்களிடம் பெரும்பாலும் வராது, உங்கள் உடல் திசுக்களில் ஏ இன்னும் இருக்கிறதல்லவா. அதனால் செல்லை வைத்துப் பார்த்தால் ஒன்று, பிளாஸ்மாவை வைத்துப் பார்த்தால் இன்னொன்று என்று ரத்த வங்கி குழம்பும். மருத்துவர் எழுத்தில் உறுதி செய்யும்வரை லைசென்ஸைத் தொடாதீர்கள். பர்ஸில் ஓர் அட்டை வையுங்கள்: மாற்று நடந்த தேதி, பழைய குரூப், தம்பியின் குரூப், சிகிச்சை தந்த பிரிவின் தொலைபேசி எண். அதன் அடியில், ‘கதிரூட்டிய ரத்தம் மட்டும்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.